முறைமை முதிர்ந்திருக்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் உள்ளகக் கணக்காய்வு பற்றி எழுதியிருந்தேன். அதன் பின்னர் வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை, ஒரு நிறுவனத்தின் முகாமைத்துவ முறைமை எவ்வளவு தூரம் முதிர்ந்திருக்கிறது என்பதை எப்படி மதிப்பிடுவது என்ற ஒரே வினாவைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்களின் பெயர்களையும் அவர்களுடைய நிறுவனங்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: எமது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகள் ஆண்டுதோறும் கணக்காய்வு செய்யப்படுகின்றன. பாரதூரமான குறைபாடு எதுவும் சுட்டிக்காட்டப்படவில்லை. ஆகவே எமது நிர்வாகம் முதிர்ந்த நிலையில் இருக்கிறது என்கிறார் தலைவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் எதைக் காட்டி மறுப்பது என்றும் தெரியவில்லை.
– பணிப்பாளர் சபை உறுப்பினர் ஒருவர், கரவெட்டி

பதில்: கடந்த ஆண்டின் கணக்கு உண்மையையும் நியாயத்தையும் காட்டுகிறதா என்பதைத்தான் கணக்காய்வாளர் பார்க்கிறார். நாளைக்கு ஒரு தவறு நடந்தால் வெளியார் எவரும் சொல்லாமல் உங்கள் சங்கம் அதைத் தானே கண்டுபிடிக்குமா, கண்டுபிடித்த பின்னர் அதே தவறு மற்றொரு கிளையில் நடக்காதிருக்க ஏதாவது செய்யுமா என்பதை அவர் கேட்பதில்லை. கேட்பது அவருடைய கடமையும் இல்லை. முதிர்ச்சி மதிப்பீடு தொடங்குவது அந்த இடத்திலிருந்துதான்.

இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தர முகாமைத்துவத்தில் நிறுவனங்கள் படிப்படியாக வளர்கின்றன என்பதை ஐந்து கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணையாக 1979இல் வகுத்துத் தந்தவர் பிலிப் குரொஸ்பி என்ற அமெரிக்கர். எதுவும் புரியாத நிச்சயமின்மையில் தொடங்கி, விழிப்பு, தெளிவு, ஞானம் என வளர்ந்து, உறுதி என்பதில் அவருடைய அட்டவணை முடிகிறது. (நம்மவர்களுக்கு இது சரியை, கிரியை, யோகம், ஞானம் என்பதை நினைவூட்டினால் அது என் குற்றம் அல்ல.) பின்னர், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆதரவுடன் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயங்கிய மென்பொருட் பொறியியல் நிறுவனத்தில் வொட்ஸ் ஹம்ப்ரி என்பவர் அதே எண்ணத்தை மென்பொருள் ஆக்கத்துக்குப் பொருத்தினார். இன்று வங்கி முதல் வைத்தியசாலை வரை வழங்குகின்ற ஐந்து மட்ட அளவுகோல்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவையே.

கோட்பாட்டை விட்டுவிட்டு, உங்கள் கிளைக்கடைத் தட்டில் காலாவதியாகும் பொருட்களை எடுத்துக்கொள்வோம். முதலாம் மட்டத்தில், பிள்ளைக்கு வாங்கிய பிஸ்கட்டைக் கொண்டுவந்து ஒருவர் சண்டை பிடித்தால்தான் விடயம் தெரியவரும். கிளை முகாமையாளர் நல்ல மனிதராக இருந்தால் மாற்றிக் கொடுப்பார். இல்லையென்றால் அதுவும் இல்லை. இரண்டாம் மட்டத்தில், ஒரு கிளையின் முகாமையாளர் பழக்கத்தினால் மாதக் கடைசியில் தட்டுகளைப் பார்த்து ஒதுக்குவார். ஆனால் அவர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது அந்தப் பழக்கமும் அவருடைய சைக்கிளிலேயே ஏறிப் போய்விடும். மூன்றாம் மட்டத்தில், எல்லாக் கிளைகளுக்கும் ஒரே நடைமுறை இருக்கும்: பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால், எந்த நாளில் யார் பார்ப்பது, ஒதுக்கியதை எந்த இடாப்பில் எழுதுவது என்பதெல்லாம் நேற்றுச் சேர்ந்த விற்பனையாளருக்கும் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கும். நான்காம் மட்டத்தில், ஒவ்வொரு கிளையிலும் மாதாந்தம் எத்தனை ரூபா பெறுமதியான பொருள் கழிக்கப்பட்டது என்ற தொகை பணிப்பாளர் சபைக்கு வரும். ஒரு கிளையில் மட்டும் அது ஏன் கூடுகிறது என்று கேட்டு, அக்கிளையின் கொள்வனவு அளவு குறைக்கப்படும். ஐந்தாம் மட்டத்தில், கழிக்க வேண்டிய நிலையே வராதபடி விற்பனை வேகத்தைப் பார்த்துக் கொள்வனவு செய்வார்கள். மிஞ்சுவதைத் திருப்பி எடுக்கும்படி விநியோகத்தரோடு உடன்பாடும் இருக்கும். அதுமட்டுமன்றி இங்கே கற்ற பாடம் உரக் களஞ்சியத்துக்கும் எரிபொருள் நிலையத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்த கூட்டத்தில் தலைவரை மறுத்துப் பேச வேண்டாம். கடந்த 6 மாதங்களில் காலாவதியாகிக் கழித்த பொருட்களின் பெறுமதி கிளைவாரியாக எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். பத்து நிமிடத்தில் கோவை வந்து எண் சொல்லப்பட்டால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. “அப்படிப் பெரிதாக ஒன்றும் இல்லை” என்ற பதில் வந்தால், அந்த விடயத்திலாவது சங்கம் இரண்டாம் மட்டத்தைத் தாண்டவில்லை என்று நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

கேள்வி: எமது மிளகாய்த்தூள் உற்பத்தி நிலையத்துக்கு ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் இருக்கிறது. அண்மையில் கொழும்பிலிருந்து வந்த கொள்வனவாளர் ஒருவர், சான்றிதழைப் பார்த்துவிட்டு, “அது சரி, உங்கள் முதிர்ச்சி மட்டம் என்ன?” என்று கேட்டார். சான்றிதழ் போதாதா?
– உற்பத்தியாளர், அச்சுவேலி

பதில்: சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேற்றில் ஏ, பி, சி, எஸ் என்று எதையும் போடாமல் “சித்தி” என்று மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் அப்படிப்பட்டது. 1987இல் முதன்முதலாக வெளிவந்து 1994, 2000, 2008, 2015 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்ட அந்தச் சர்வதேசத் தர முகாமைத்துவ நியமம், ஒரு நிறுவனம் குறைந்தபட்சம் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறது. அவற்றைச் செய்கிறீர்கள் என்று ஒரு வெளியார் பார்த்து உறுதிசெய்ததற்கு அடையாளமே சான்றிதழ். விளிம்பில் நின்று சித்தியடைந்தவரும் முதன்மையாகச் சித்தியடைந்தவரும் ஒரே தாளைத்தான் சுவரில் மாட்டுகிறார்கள்.

கொள்வனவாளர் கேட்டதற்குரிய கருவி அதன் துணை நியமமான ஐ.எஸ்.ஓ. 9004. அதன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பின் இணைப்பில் ஐந்து மட்டங்களில் தம்மைத் தாமே மதிப்பிடுவதற்கான அட்டவணைகள் இருக்கின்றன. அதற்குச் சான்றிதழ் வழங்கப்படுவதில்லை என்பதே அதன் சிறப்பு என்பேன். பரிசு இல்லாத பரீட்சையில் பார்த்து எழுதுவதற்கு யாருக்கும் ஆசை வராது.

ஆயினும் அந்த அட்டவணையைத் திறக்குமுன் உங்கள் பதிவேடுகளை ஒருமுறை பாருங்கள். சான்றிதழ் வழக்கமாக மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புக் கணக்காய்வு நடக்கும். அக்கணக்காய்வுக்கு முந்திய இரண்டு வாரங்களில் மட்டும் உங்கள் படிவங்கள் சுறுசுறுப்பாக நிரம்புகின்றனவா? நான் கணக்காய்வுக்குப் போன ஓரிடத்தில், 11 மாதங்களின் ஈரப்பதன் பதிவுகள் முழுவதும் ஒரே நீலப் பேனையால், ஒரே சாய்வில், ஒரு மைத்துளிகூடச் சிந்தாமல் எழுதப்பட்டிருந்தன. உண்மையான தொழிற்சாலைப் பதிவேட்டில் மிளகாய்க் கறையாவது இருக்கும்.

அடுத்து முறைப்பாட்டுக் கோவையைப் பாருங்கள். முறைப்பாடே இல்லாத கோவை பெருமைக்குரியது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது சந்தேகத்தையே தரும், ஏனெனில் பொருள் விற்கும் எவருக்கும் முறைப்பாடு வரும், அதை எழுதி வைக்காதவருக்கு மட்டுமே கோவை வெறுமையாக இருக்கும். முறைப்பாடு இருந்தால் அதற்கு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மாரிகாலத்தில் தூள் கட்டிபட்டுவிட்டது என்று ஒரு கடைக்காரர் பொதியைத் திருப்பி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய பொதி கொடுப்பது உடனடித் திருத்தம் மட்டுமே. மிளகாய் போதுமான அளவு காயாமல் அரைக்கப்பட்டதா, பொதியின் வாய் ஒட்டும் இயந்திரத்தின் வெப்பம் குறைந்ததா, அரைத்த தூள் ஆறுமுன் அடைக்கப்பட்டதா என்று காரணத்தைத் தேடி அதை நீக்குவதே 9001 நியமத்தின் 10.2ஆம் பிரிவு கேட்கும் திருத்த நடவடிக்கை. நமது கோவைகளில் அந்த இடத்தில் மிக அதிகமாகக் காணப்படும் வாசகம் “ஊழியருக்கு அறிவுறுத்தப்பட்டது” என்பதாகும். ஒரு கோவையில் அவ்வாசகம் மூன்று முறைக்கு மேல் வந்தால், மேற்கொண்டு எதையும் பார்க்காமலே அந்த நிறுவனத்தின் மட்டத்தை ஓரளவு ஊகித்துவிடலாம்.

கொள்வனவாளருக்கு உங்கள் சுயமதிப்பீட்டை, மட்டம் குறைந்த இடங்களையும் மறைக்காமல் அனுப்புங்கள். எல்லாவற்றிலும் 4 போட்டு வரும் தாளை அனுபவமுள்ள கொள்வனவாளர் நம்புவதில்லை.

கேள்வி: எமது அலுவலகம் ஐந்து எஸ் நடைமுறைக்காகப் பாராட்டுப் பெற்றது. இதை முதிர்ச்சியின் சான்றாகக் கொள்ளலாமா?
– அரச உத்தியோகத்தர், யாழ்ப்பாணம்

பதில்: தேசிய உற்பத்தித்திறன் செயலகத்தின் முயற்சியால் ஐந்து எஸ் என்ற ஜப்பானியப் பணியிட ஒழுங்கு முறை நமது பாடசாலைகளுக்கும் பிரதேச செயலகங்களுக்கும் வந்திருப்பது நல்லதே. ஆனால் வேண்டாததை அகற்றுதல், ஒழுங்குபடுத்தல், சுத்தம் செய்தல் என்ற முதல் மூன்றும் ஒரு சிரமதானத்தில் முடிந்துவிடும். ஒரே சீராக நியமப்படுத்தலும் ஒழுக்கமாகப் பேணலுமான கடைசி இரண்டுமே முறைமையைப் பற்றியவை. மதிப்பீட்டுக் குழு வந்துபோய் ஓராண்டின் பின்னர், புதிதாக இடமாற்றம் பெற்று வந்தவருடைய மேசை லாச்சியைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: எமது கட்டடப் பொருள் விற்பனை நிலையத்தில் 22 ஆண்டுகள் களஞ்சியத்தையும் கணக்கையும் பார்த்தவர் சென்ற ஆண்டு குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் யாருக்கு எவ்வளவு கடன், எந்தச் சாமான் எங்கே என்று எமக்கு எதுவுமே தெரியாது என்பது தெரிந்தது. இப்போதும் இரவில் அவருக்கு வட்ஸ்அப்பில் அழைத்துக் கேட்கிறோம். இதை எப்படிச் சீர்செய்வது?
– உரிமையாளர், மானிப்பாய்

பதில்: முதிர்ச்சியை அளப்பதற்கு யாழ்ப்பாணத்தில் தனியான கருவி ஒன்றும் தேவையில்லை, விசா ஒன்றே போதும். ஒருவர் போனால் நின்றுவிடும் வேலை இரண்டாம் மட்டத்தைத் தாண்டவில்லை. அவர் எத்தனை திறமையானவராக இருந்தாலும், திறமையாக இருப்பதனாலேயே, அந்தப் பலவீனம் 22 ஆண்டுகள் வெளியில் தெரியாமல் இருந்திருக்கிறது.

இதில் உங்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போரினால் வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியபோது எத்தனையோ நிறுவனங்களின் கோவைகளும் இடாப்புகளும் அவ்வவ்விடத்திலேயே கிடந்து அழிந்தன. திரும்பி வந்து மீண்டும் தொடங்கியவர்கள், அனுபவஸ்தர் ஒருவருடைய நினைவிலிருந்தே கடன்காரர் பட்டியலையும் காணி எல்லையையும் எழுதி எடுத்தார்கள். ஆகவே நினைவில் வைத்திருக்கும் மனிதரை எழுதி வைத்த தாளிலும் மேலாக நம்புவதற்கு நமது சமூகத்துக்குக் காரணம் இருந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் ஆட்கள் வெளியேறும் வேகத்தைப் பார்த்தால், அந்த நம்பிக்கையை இனியும் தொடர முடியாது.

2015ஆம் ஆண்டு ஐ.எஸ்.ஓ. 9001 திருத்தப்பட்டபோது, நிறுவனத்தின் அறிவு என்ற புதிய பிரிவு ஒன்று 7.1.6 என்ற இலக்கத்தில் சேர்க்கப்பட்டது. வேலை சரியாக நடப்பதற்கு எந்த அறிவு தேவை என்று நிறுவனம் தீர்மானிக்க வேண்டும், அதைப் பேண வேண்டும், தேவையானவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். மானிப்பாய்க் கடைக்கும் ஜப்பானிய வாகனத் தொழிற்சாலைக்கும் இது ஒன்றுதான்.

செய்முறையாகச் சொல்வதானால், போனவரிடம் “எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள்” என்று கேட்காதீர்கள். கையால் செய்து பழகியவருக்குத் தமக்கு என்ன தெரியும் என்பதே முழுமையாகத் தெரியாது; எழுதினாலும், உங்களுக்குத் தெரிந்ததையே எழுதி, தெரியாததை விட்டுவிடுவார். இப்போது களஞ்சியத்தில் இருக்கும் இளைஞர் வேலையைச் செய்யட்டும். தடுமாறும் இடத்தில் மட்டும் அவரை அழைக்கட்டும். கேட்டறிந்ததை அந்த இளைஞரே தம் மொழியில் ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதி, உரிய தட்டிலேயே ஒட்டி வைக்கட்டும். ஒரு வாரத்தில் எத்தனை அழைப்பு எடுக்க வேண்டியிருந்தது என்று நாட்காட்டியிற் குறித்து வாருங்கள். அந்த எண்ணிக்கை குறைகிறதா என்பதே உங்களுக்கான முதிர்ச்சி அளவுகோல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனக்கு மட்டுமே தெரிந்திருப்பதைத் தன் வேலைக்கான காப்புறுதியாக வைத்திருக்கும் ஊழியரை நான் குற்றம் சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்த பின்னர் தன்னை நிறுத்திவிடமாட்டார்கள் என்ற உறுதி அவருக்கு இல்லையென்றால், எந்த நியமத்தின் எந்தப் பிரிவும் அவருடைய வாயைத் திறக்காது. அந்த உறுதியைக் கொடுக்க வேண்டியவர் உரிமையாளர். உங்களிடம் இப்போது இருப்பவர்கள் ஒவ்வொருவரும் ஆண்டில் இரண்டு வாரம், தொலைபேசி அழைப்பில்லாத விடுமுறையில் போகட்டும், சம்பளத்துடன்தான்.

கேள்வி: எமது கோயில் மகோற்சவம் எந்தக் கையேடும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஒரு நாளும் கொடியேற்றம் பிந்தியதில்லை. உங்கள் அளவுகோலின்படி நாங்கள் முதலாம் மட்டமா?
– ஆலய பரிபாலன சபை உறுப்பினர், வலிகாமம்

பதில்: நிச்சயமாக இல்லை. இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் எழுதுகிறேன். ஏனெனில் முதிர்ச்சி என்பது தாள்களின் எடை என்று நம்பும் ஆலோசகர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் 25 நாள் மகோற்சவம் நடக்கிறது; மணி அடிப்பதைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைத் திருத்தலாம் என்று ஊரில் சொல்வார்கள். உங்களுடையதைப் போன்ற ஊர்க் கோயில்களில் எந்த நாள் உபயம் எந்தக் குடும்பத்துக்கு, மாலை கட்டுவது யார், சாத்துப்படிக்கு யார், வாகனத்தைத் தூக்கும் எந்தக் கொம்பை யார் பிடிப்பது என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. வரையறை தாளில் இல்லை, அவ்வளவுதான். சிறுவன் தன் மாமனுக்குப் பக்கத்தில் நின்று ஐந்தாறு ஆண்டுகள் பார்த்துவிட்டே கொம்பில் கை வைக்கிறான். மாமன் நோயுற்றால் திருவிழா நிற்பதில்லை. பொதுவானது, கற்பிக்கப்படுவது, ஆளை நம்பி நில்லாதது என்ற மூன்றாம் மட்டத்தின் இலக்கணம் அங்கே நிறைவேறுகிறது. ஐ.எஸ்.ஓ. 9001 நியமமே 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில், தரக் கையேடு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையைக் கைவிட்டுவிட்டது.

ஆனால் அதற்கு மேலே போக முடியுமா என்று கேட்டால், மரபாக நடக்கும் முறைமைகள் இடறும் இடம் அதுவே. கொடியிறக்கம் முடிந்து ஒரு மாதத்துக்குள் சபை கூடி, அன்னதானத்தில் எந்த நாளில் எவ்வளவு சோறு மிஞ்சியது, தேரன்று எந்த முடக்கில் சனம் நெருக்குண்டது, அடுத்த ஆண்டு எதை மாற்றுவது என்று பேசுகிறதா? 2020இல் கொரோனாக் கட்டுப்பாடுகள் வந்து, வழமையாகச் செய்ததைச் செய்ய முடியாமற் போனபோது, புதிய ஒழுங்கு ஒன்றை எத்தனை நாளில், எத்தனை மனத்தாங்கலோடு வகுத்தீர்கள்? வழமை மாறாத வரையில் வழமை நன்றாக வேலை செய்யும். எழுத்தில் இல்லாத உரிமைகள் மூன்றாம் தலைமுறையில் எங்கே போய் நிற்கின்றன என்பதை, நமது நீதிமன்றங்களில் இருக்கும் கோயில் வழக்குகளைப் பார்த்து நீங்களே அறிவீர்கள். அதை விரித்து உங்களைப் புண்படுத்த விரும்பவில்லை.

கேள்வி: நிதி நிறுவனம் ஒன்றின் முகாமைத்துவ முறைமையின் முதிர்ச்சியை எனது இறுதியாண்டு ஆய்வுக்காக அளந்தேன். ஊழியர் 60 பேருக்கு ஐந்து புள்ளி அளவுகோலில் வினாக்கொத்துக் கொடுத்து, சராசரி 3.6 என்று பெற்றேன். ஆகவே நிறுவனம் மூன்றாம் மட்டத்துக்கும் நான்காம் மட்டத்துக்கும் இடையில் இருக்கிறது என்று எழுதலாமா?
– முகாமைத்துவ மாணவி, திருநெல்வேலி

பதில்: எழுத வேண்டாம், தங்கச்சி. நீங்கள் அளந்தது முறைமையைப் பற்றி 60 பேர் வைத்திருக்கும் அபிப்பிராயத்தை. அதுவும் ஆய்வுக்குரியதே, ஆனால் அதற்கு அந்தப் பெயரையே சூட்ட வேண்டும்.

சராசரியில் வேறொரு வழுவும் இருக்கிறது. கொள்வனவில் 5, முறைப்பாடு கையாளுவதில் 1 என்றால் சராசரி 3; ஆனால் அந்த இரண்டில் எதுவுமே மூன்றாம் மட்டத்தில் இல்லை. மாடிப்படியில் கீழ்ப்படி இல்லாமல் மேற்படி நிற்காது என்பதே முதிர்ச்சி அளவுகோலின் அடிப்படை. ஐ.எஸ்.ஓ. 9004 இதைத் தெளிவாகச் சொல்கிறது: கீழேயுள்ள நிபந்தனைகளில் ஓர் இடைவெளியும் இல்லாமல் எந்தப் படிவரை ஏற முடிகிறதோ, அதுவே அந்த விடயத்தின் மட்டம். நான்காம் மட்டத்துக்குரிய அழகான வரைபடம் ஒன்று முகாமையாளரின் அறையில் தொங்கலாம். மூன்றாம் மட்டத்துக்குரிய பொதுவான நடைமுறை கிளைகளில் இல்லையென்றால் அந்த வரைபடத்துக்குப் புள்ளி கிடையாது. வெவ்வேறு கிளைகள் வெவ்வேறு விதமாக எண்ணிய எண்களைத்தானே அது காட்டுகிறது?

என்ன செய்யலாம்? நான்கைந்து செயன்முறைகளை மட்டும் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வியை மூன்று படிநிலைகளில், உதாரணமாகப் பொது முகாமையாளர், கிளை முகாமையாளர், கவுண்டரில் இருப்பவர் ஆகிய மூவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பிறகு ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். மூன்று மாதங்களுக்கு முன் வந்து தீர்க்கப்பட்டதாகச் சொல்லப்படும் முறைப்பாடு ஒன்றை எடுத்து, அது வந்த திகதி, பதிந்தவர், பதில் போன திகதி, அதன் விளைவாக மாற்றப்பட்ட நடைமுறை ஆகியவற்றை ஆவணத்தில் பாருங்கள். பின்னர் இன்றைக்குக் கவுண்டரில் இருப்பவரிடம் போய் அந்த மாற்றம் தெரியுமா என்று கேளுங்கள். நான் பல ஆண்டுகளாகப் பார்த்ததில், சங்கிலி அறுபடுவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கண்ணியில்தான்.

கிடைத்த சான்றுகளைத் தரம் பிரிக்க, அமெரிக்காவின் தேசியத் தர விருதான பால்ட்ரிஜ் விருதுக்குரிய அளவைகள் வெகுகாலமாகக் கையாண்ட நான்கு கேள்விகள் உதவும்: முறையான அணுகுமுறை ஒன்று உண்டா, அது எல்லா இடங்களுக்கும் பரவியிருக்கிறதா, அதிலிருந்து கற்றுத் திருத்துகிறார்களா, அது மற்றைய செயன்முறைகளோடும் நிறுவனத்தின் குறிக்கோளோடும் இசைகிறதா? அந்த விருதில் 1,000 புள்ளிகளில் 450, நிறுவனம் அடைந்த பெறுபேறுகளுக்கே ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. இலங்கையின் தேசிய தர விருதும் அதே வழியில் வந்ததே. முறைமை அழகாக இருந்து பெறுபேறு வராவிட்டால், அந்த அழகை யாரும் முதிர்ச்சி என்று சொல்வதில்லை.

60 வினாக்கொத்துகளை வீசிவிட வேண்டாம். முகாமையாளர்களின் சராசரியையும் கவுண்டர் ஊழியர்களின் சராசரியையும் தனித்தனியே எடுத்துப் பாருங்கள். மேலே இருப்பவர்கள் 4 என்றும் கீழே இருப்பவர்கள் 2 என்றும் சொல்லியிருந்தால், உங்கள் ஆய்வின் மிகப் பெறுமதியான கண்டுபிடிப்பு அந்த இடைவெளியே.

கேள்வி: நான், தம்பி, உதவியாள் என்று மூன்று பேர் மட்டும் வேலை செய்யும் எண்ணெய்ச் செக்கு எங்களுடையது. இந்த ஐந்து மட்டமெல்லாம் எங்களுக்கும் வேண்டுமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: வேண்டாம். எள் வாங்கிய திகதியும் இடமும், எண்ணெய் பிழிந்த திகதியும் போத்தலில் இட்ட தொகுதி இலக்கமும் ஒரு கொப்பியில் இருந்தால் போதும்; அதையும் தம்பியால் உங்கள் உதவியில்லாமல் எழுத முடிய வேண்டும். ஒவ்வொரு செயன்முறையையும் ஐந்தாம் மட்டத்துக்கு ஏற்றுவது பெரிய கொம்பனிகளுக்கே வீண் செலவு. எது பிழைத்தால் வாடிக்கையாளருக்குத் தீங்கு வருமோ, அல்லது தொழில் முடங்குமோ, அதை உயர்த்துங்கள்.

கேள்வி: எமது தொண்டு நிறுவனத்தில் சுயமதிப்பீட்டுச் செயலமர்வு ஒன்று நடத்தினோம். பணிப்பாளர் முன்னிலையில் கலந்துரையாடி, ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 4 போட்டோம். வெளியே வந்த பிறகு, யாருமே அதை நம்பவில்லை என்று தெரிந்தது. வெளியாரைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டுமா?
– திட்ட இணைப்பாளர், கோப்பாய்

பதில்: பணிப்பாளர் முதலில் வாய் திறந்திருப்பார், அதன்பிறகு அந்த அறையில் மதிப்பீடு நடந்திருக்காது. நமது இடத்தில் மூத்தவர் சொன்னதைச் சபையில் மறுப்பது மரியாதைக் குறைவு. அந்தப் பண்பை மாற்றச் சொல்லவில்லை. மதிப்பீட்டின் ஒழுங்கை அதற்கேற்ப அமைக்கலாம். கலந்துரையாடலுக்கு முன்னரே ஒவ்வொருவரும் தனியே, பெயரில்லாமல் எழுதிக் கொடுக்கட்டும். புள்ளிகளை வாசித்த பின்னர், வேலையைக் கையால் செய்பவர் முதலிலும் பணிப்பாளர் கடைசியிலும் பேசட்டும். 3 அல்லது அதற்கு மேல் போடுபவர், மேசையில் வைக்கக்கூடிய சான்று ஒன்றைக் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் 2. இந்தப் புள்ளியைச் சம்பள ஏற்றத்தோடோ நிதி வழங்குநருக்கான அறிக்கையோடோ தொடர்புபடுத்த வேண்டாம். தொடர்புபடுத்திய மறுநாளே எல்லோரும் 4 போடத் தொடங்கிவிடுவார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய ஒரு மதிப்பீட்டில், பராமரிப்பு என்ற தலைப்புக்கு எல்லோரும் 4 போட்டார்கள். மின்பிறப்பாக்கியை வாராவாரம் இயக்கிப் பார்த்ததற்குப் பதிவேடும் இருந்தது, கையொப்பமும் இருந்தது. தேநீர் கொண்டுவந்த சிற்றூழியர் தட்டை வைத்துவிட்டு, “அது தைப்பொங்கலுக்குப் பிறகு ஸ்டார்ட் பண்ணேல்லை ஐயா” என்றார். அப்போது ஆனி மாதம். எல்லோரும் எழுந்து போய் இயக்கிப் பார்த்தோம், பற்றரி செத்திருந்தது. பதிவேட்டில் மட்டும் அது 20 வாரங்களுக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே வெளியார் அவசியம் என்றில்லை. அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதே முக்கியம். வேறு பிரிவிலிருந்து ஒருவரையும், சாரதி அல்லது சிற்றூழியர் ஒருவரையும் குழுவில் சேருங்கள். வெளியார் ஒருவரை ஒரு நாளைக்கு மட்டும் அழைத்து, நீங்கள் போட்ட புள்ளிகளில் இரண்டைத் தாமே தெரிவுசெய்து சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த இரண்டு என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டாம். குறைந்த மட்டம் பெற்றவற்றில் இரண்டை மட்டும் எடுத்து, பொறுப்பாளரையும் திகதியையும் எழுதி, ஓராண்டின் பின்னர் அதே குழுவைக் கொண்டு அதே கேள்விகளை மீண்டும் கேளுங்கள். இம்முறை 4 என்று எழுதிய தாளைக் கிழித்துவிடாமல் கோவையில் வையுங்கள். அடுத்த ஆண்டு 2 வந்தால், எதனால் இறங்கியது என்று நிர்வாக சபை கேட்கும்போது காட்டுவதற்கு அது தேவைப்படும்.